மகனுக்குத் தொல்லியல் பிடிக்கும், பிழைப்புக்கு என்ன வழி?

கேள்வி: என் மகன் பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறான். கணிதம், உயிரியல் குரூப். கட்-ஆஃப் 175 பக்கம் வரும் என்கிறான். அவன் அப்பா பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸில் சேரச் சொல்கிறார். அவனோ தொல்லியல்தான் என்று நிற்கிறான். எங்களுக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சைக்கிளில் ஆதிச்சநல்லூர் அகழாய்வு மேட்டுக்குப் போய்விடுவான், திரும்பும்போது பையில் பானை ஓடுகள் இருக்கும். பிடித்ததைப் படிக்க விட்டால் பிழைத்துக்கொள்வானா?

பதில்: முதலில் அந்தப் பானை ஓடுகள். இனிமேல் எடுத்து வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாதுகாக்கப்பட்ட இடத்திலிருந்து பொருள் எடுப்பது சட்டப்படி தவறு. அதோடு, ஓர் ஓடு எந்த இடத்தில், எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதில்தான் அதன் வரலாறு இருக்கிறது. வீட்டுக்கு வந்துவிட்டால் அது வெறும் ஓடுதான். கிடந்த இடத்திலேயே படம் எடுக்கட்டும், நோட்டில் வரைந்து, தேதியும் இடமும் குறிக்கட்டும். இதைச் சொன்னதும் அவன் முகம் வாடுகிறதா, இல்லை அடுத்த வாரமே நோட்டோடு கிளம்புகிறானா என்று கவனியுங்கள். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதில் கிடைத்துவிடும்.

'பிடிக்கும்' என்பது ரொம்பப் பெரிய சொல். என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் ஒரு பாடத்தின் பெயரைச் சொல்லி அது பிடிக்கும் என்பார்கள். அந்த வேலையில் இருப்பவரின் ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டால் தெரியாது. அகழாய்வுக் குழியில் தங்க நெற்றிப்பட்டம் கிடைக்கும் நாள் ஆயுளில் ஒன்றோ இரண்டோ. மற்ற நாள்களில் வெயிலில் உட்கார்ந்து பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளுவது, ஓடுகளைக் கழுவிக் காய வைத்து எண் எழுதுவது, அளவெடுத்து வரைவது. குழியை மூடிய பிறகு அறிக்கை எழுதும் வேலை, தோண்டிய காலத்தைவிட நீளமாகவே இருக்கும். இந்தச் சலிப்பான பகுதியும் ஒருவனுக்குச் சலிக்கவில்லை என்றால் மட்டுமே அந்தத் துறை அவனுக்குப் பிடித்திருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் இதே அளவுகோல்தான். தான் எழுதிய புரோகிராமில் ஒரு சின்னத் தவறைத் தேடி மூன்று மணி நேரம் உட்கார முடியாதவனுக்கு அந்தப் படிப்பு நாலு வருஷத் தண்டனை.

அப்புறம், தொல்லியலில் அவனை இழுப்பது எது? எழுத்தா, மண்ணா, பொருளா? இதைப் பிரித்துப் பார்க்காமல் டிகிரியை முடிவு செய்யாதீர்கள்.

எழுத்து என்றால் கல்வெட்டியல். இந்த லீவிலேயே சோதிக்கலாம். உங்கள் பக்கத்துப் பழைய கோயில்களில் வட்டெழுத்துக் கல்வெட்டு இருக்க வாய்ப்பு அதிகம். சோழர் ஆட்சி வரும்வரை பாண்டிய நாட்டில் அதுதான் புழங்கிய எழுத்து. ஓர் எழுத்து அட்டவணையை வைத்துக்கொண்டு, கோயிலில் அனுமதி கேட்டு, பத்து வரியை அவனாகப் படித்து எழுதட்டும். சிதைந்த ஓர் எழுத்துக்காக அவன் மூன்றாவது தடவையும் திரும்பப் போனால், பி.ஏ. தமிழோ வரலாறோ படிக்க வையுங்கள், தயங்க வேண்டாம்.

மண் என்றால் வேறு கதை, அவன் எடுத்த சயின்ஸ் குரூப் நேராகக் கைகொடுக்கும் இடமும் அதுதான். 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை, இரும்பின் பயன்பாட்டை கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை பின்னுக்குக் கொண்டுபோனது. அதற்கான மாதிரிகள் உங்கள் பக்கத்து ஊரான சிவகளையில் கிடைத்தவை. அந்தக் காலக்கணிப்பைச் சொன்னது அறிவியல் ஆய்வுக்கூடங்கள். மண்ணடுக்கைப் படிக்கத் தெரிந்த நிலவியல்காரர், கருகிய தானியத்தை அடையாளம் காணும் தாவரவியல்காரர், டிரோன் படத்திலிருந்து வரைபடம் போடுபவர் என்று எல்லோருக்கும் இன்று குழியருகே வேலை உண்டு. இவனுக்கு பி.எஸ்சி. நிலவியல் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. தொல்லியல் கைகூடாவிட்டாலும் நிலத்தடி நீர், சுரங்கம், நில அளவை என்று போக இடம் இருக்கும். பொருளின் மேல்தான் ஆசை என்றால் அருங்காட்சியகப் பணி, பழம்பொருள்கள் சிதையாமல் காக்கும் பாதுகாப்பு வேதியியல் பக்கம் பார்க்கலாம்.

அடுத்த கட்டம். மத்திய தொல்லியல் துறை, கிரேட்டர் நொய்டாவில் தொல்லியலில் இரண்டு வருட முதுநிலை டிப்ளமோ நடத்துகிறது. 2020 அறிவிப்பில், அதில் சேரத் தகுதியான செம்மொழிப் படிப்புகளின் பட்டியலில் தமிழ் விடுபட்டு, எதிர்ப்பு எழுந்த பிறகு சேர்த்தார்கள். வரலாறு, தொல்லியல், மானிடவியல் முதுகலையோடு தமிழ் எம்.ஏ. படித்தவர்களும், உரிய பின்னணி உள்ள நிலவியல்காரர்களும் விண்ணப்பிக்க முடிந்தது. தமிழக அரசுத் துறையும் சென்னையில் ஒரு டிப்ளமோ நடத்துகிறது. தகுதி விவரங்களை அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி பிழைப்பு. இதில் உங்கள் கணவரின் பயம் நியாயமானது, அதை ஒதுக்கிவிட்டு நான் எழுத மாட்டேன். மூன்று வருடம் இளநிலை, இரண்டு வருடம் முதுநிலை, இரண்டு வருடம் டிப்ளமோ. நிலையான சம்பளம் வர அவனுக்கு இருபத்தைந்து வயதாகிவிடும். அரசுப் பணியிடங்கள் குறைவு, எல்லா வருடமும் அறிவிப்பு வராது. கல்லூரி ஆசிரியர் ஆகலாம், அதற்கு நெட் அல்லது செட் தேர்வு எழுத வேண்டும். நெட்டில் தொல்லியலே தனிப் பாடமாக உண்டு. எந்தப் பட்டத்தோடும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுகளை எழுதலாம். அந்த ஏழு வருடத்தில் அவன் சம்பாத்தியத்தை நம்பி வீட்டில் தங்கையின் படிப்போ கடனோ இருக்கிறதா? இருந்தால் அவனையும் உட்கார வைத்துக் கணக்கை வெளிப்படையாகப் பேசுங்கள். பதினேழு வயதுப் பையனுக்கு அது புரியும். மறைத்துவிட்டு "நீ சின்னப் பையன்" என்றால்தான் வீம்பு வரும்.

நடுவழி ஒன்றும் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022 முதல் யு.ஜி.சி. அனுமதிக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. நடத்தும் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டப் படிப்பில் சேர ஜே.இ.இ. தேவையில்லை, சில வாரப் பாடம் படித்து அவர்களே வைக்கும் தகுதித் தேர்வில் தேறினால் போதும். பகலில் கல்லூரி, இரவில் இது. கஷ்டம்தான், ஆனால் பாஸ் செய்த அளவுக்குச் சான்றிதழ் கிடைக்கும். எண்களோடு வேலை செய்யத் தெரிந்தவருக்குத் தொல்லியலிலும் மதிப்பு உண்டு.

பி.இ. படித்துவிட்டு அப்புறம் தொல்லியலுக்கு வரட்டுமே என்று உங்கள் கணவர் கேட்பார். வரலாம், எந்தப் பட்டம் இருந்தாலும் எம்.ஏ. வரலாறு சேர்க்கும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. பி.இ. படிப்பையும் அவன் ஓரளவு ரசிப்பான் என்றால் அது நல்ல வழிதான். வெறுத்துக்கொண்டு சேர்ந்தால் அரியர் சேரும், நாலு வருடம் ஆறாகும், அந்த மார்க்கோடு எந்தப் பக்கமும் போவது சிரமம்.

பொறியியல் கலந்தாய்வுக்கு எப்படியும் பதிந்து வையுங்கள், கலைக் கல்லூரி விண்ணப்பத்தையும் போடுங்கள். தேதி தவறினால் ஒரு வருடம் போய்விடும். ரிசல்ட் வருவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அப்பாவும் ஆதிச்சநல்லூருக்குக் கூடப் போகட்டும். 1899 முதல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டிய மேடு அது. மகனே எல்லாவற்றையும் விளக்கிக் காட்டட்டும், அவர் கேள்வி மட்டும் கேட்கட்டும். வீடு திரும்பியதும் இருவரும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.