சோலினாய்டு இழுக்கவில்லை, மாஸ்ஃபெட் சுடுகிறது!

கேள்வி: 12 வோல்ட், 2 ஆம்பியர் சோலினாய்டை (மின்சாரம் பாய்ந்தால் இழுக்கும் காந்தச் சுருள்) ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டின் பின்னிலிருந்து (pin) ஐஆர்எஃப்540 மாஸ்ஃபெட் (சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) வழியாக இயக்குகிறேன். மாஸ்ஃபெட் கையை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. சோலினாய்டும் சரியாக இழுக்கவில்லை. ஏன்?

பதில்: அந்த மாஸ்ஃபெட் முழுதாகத் திறக்க, அதைக் கட்டுப்படுத்தும் காலான கேட்டில் 10 வோல்ட் வேண்டும், ஆர்டுயினோ பின் தருவதோ 5. அரைகுறையாகத் திறந்ததால்தான் இந்தச் சூடு. ஹீட் சிங்க் மாட்டுவது வீண்வேலை. 5 வோல்டிலேயே நன்றாகத் திறக்கும் லாஜிக் லெவல் வகையான ஐஆர்எல்இசட்44என் போடுங்கள். பின்னுக்கும் கேட்டுக்கும் நடுவே 220 ஓம் ரெசிஸ்டர். கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். இது இல்லாவிட்டால் ரீசெட் நேரத்தில் சோலினாய்டு தானாகவே இழுக்கலாம். சோலினாய்டின் குறுக்கே 3 ஆம்பியர் டயோடு, கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். மறந்தால், அணைக்கும்போது எழும் வோல்டேஜ் மாஸ்ஃபெட்டைச் சாகடிக்கும். ஆர்டுயினோ சப்ளை, சோலினாய்டின் 12 வோல்ட் சப்ளை இரண்டின் கிரவுண்டும் இணைந்திருக்க வேண்டும்.