பிரிட்டனில் பழைய கார்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: வேலைக்காக பிரிட்டன் வந்து நான்கு மாதம் ஆகிறது. தனிநபர் ஒருவரிடம் பத்து வருடப் பழைய கார் வாங்கப்போகிறேன். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: கிளம்புவதற்கு முன்பே வண்டி எண்ணை அரசு இணையதளத்தில் போட்டு எம்ஓடி (வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று வருடாவருடம் பார்க்கும் சோதனை) வரலாற்றை இலவசமாகப் பாருங்கள். ஒவ்வொரு சோதனையின்போதும் ஓடியிருந்த மைல் கணக்கு அதில் இருக்கும். எங்காவது மைல் குறைந்திருந்தால் மீட்டரில் கை வைத்திருக்க வாய்ப்பு உண்டு. 'பிரேக் குழாயில் துரு' என்று வருடாவருடம் குறிப்பு வந்தால், அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

வி5சி பதிவுப் புத்தகம் உரிமைப் பத்திரம் அல்ல. பலர் ஏமாறுவது இங்கேதான். காரின் மீது தவணைக் கடன் பாக்கி இருந்தால் நிதி நிறுவனம் அதைத் தூக்கிச் செல்லக்கூடும். சில பவுண்டு கட்டி அதைச் சரிபார்த்துவிடுங்கள். விற்பவர் வீட்டிலேயே போய்ப் பாருங்கள். முகவரியும் சேஸிஸ் எண்ணும் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்க வேண்டும். முன்பே சூடேற்றி வைத்த எஞ்சின் ஸ்டார்ட்டிங் கோளாறை மறைத்துவிடும். ஆயில் மூடியின் உள்பக்கம் தயிராடை போல வெள்ளைப் பிசுக்கு இருந்தால் எஞ்சினில் ஆயிலும் கூலன்ட்டும் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். குளிர்காலத்தில் குறைந்த தூரமே ஓடிய வண்டியிலும் அப்படிப் படியும் என்பதால், கூலன்ட் அளவையும் பாருங்கள்.

பழைய உரிமையாளர் கட்டிய சாலை வரி உங்களுக்கு மாறாது. பதிவுப் புத்தகத்தில் புது உரிமையாளருக்கென்று இருக்கும் பச்சைச் சீட்டிலுள்ள 12 இலக்க எண்ணை வைத்து அங்கேயே வரி கட்டி, காப்பீடும் எடுத்த பிறகே சாவியைத் திருப்புங்கள். இந்திய ஓட்டுநர் உரிமம் பிரிட்டனில் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் செல்லும்.