எலீட் ஃபோருக்குக் கைது செய்யும் அதிகாரம் உண்டா?

கேள்வி: போக்கிமான் உலகத்தை வைத்து ஒரு தொடர்கதை எழுதுகிறேன். விளையாட்டில் வரும் ஜோட்டோ பிரதேசத்தில், எலீட் ஃபோரில் இருந்து பிறகு சாம்பியனான லான்ஸ் ஒரு திருடனைக் கைது செய்து சிறைக்கு அனுப்புவதாக ஒரு காட்சி வருகிறது. எலீட் ஃபோர் என்பது அமைச்சரவை மாதிரி என்று, காசு கொடுத்து வாங்கிய 'முழு வரலாற்றுக் கையேடு' ஒன்றில் படித்தேன். சரிதானா?

பதில்: சரியில்லை. விளையாட்டுகளை மட்டும் வைத்துச் சொன்னால், எலீட் ஃபோர் என்பவர்கள் போக்கிமான் லீக் என்ற போட்டி அமைப்பில் சாம்பியனுக்கு அடுத்த படியில் இருக்கும் நான்கு போட்டியாளர்கள். முந்தைய போட்டிகளில் வென்று பேட்ஜுகளைச் சேர்த்துக்கொண்டு வருகிறவரோடு வரிசையாக மோதுவது அவர்கள் வேலை. வரி போடுவது, சட்டம் இயற்றுவதெல்லாம் அவர்கள் கையில் இல்லை.

குழப்பத்துக்குக் காரணம் லான்ஸ்தான். 1999-இல் வந்த கோல்ட், சில்வர் விளையாட்டுகளில் அவர் மஹோகனி என்ற ஊரில் ஒரு கடைக்குள் நுழைந்து, தன் போக்கிமானான டிராகோனைட்டை ஏவிக் கடைக்காரனை ஹைப்பர் பீமால் தாக்குகிறார். கடைக்கு அடியில் டீம் ராக்கெட் என்ற குற்றக் கும்பலின் மறைவிடம். வாரண்ட் உண்டா? கிடையாது. கைதாவது நடக்கிறதா? அதுவும் இல்லை. பலம் இருக்கிறது, புகுந்துவிட்டார், அவ்வளவுதான். அனிமேயில் வரும் லான்ஸ் வேறு ஆள். அங்கே அவர் ஜி-மென் குழுவின் ரகசியப் புலனாய்வாளர். உங்கள் கையேட்டுக்காரர் இரண்டு லான்ஸையும் ஒன்றாக்கி, அதற்கு விலையும் வைத்துவிட்டார். இந்த ஆட்களிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: இந்த வரி எந்த விளையாட்டில், யார் வாயிலிருந்து வருகிறது? பெரும்பாலும் பதில் வராது. வீடியோ போட்டு 'மறைக்கப்பட்ட உண்மை' சொல்கிறவர்களும் இதே ரகம்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அலோலா என்ற தீவுப் பிரதேசம். 2016-இல் வந்த சன், மூன் விளையாட்டுகளில் எலீட் ஃபோரில் இருக்கும் ஹாலாவும் ஒலிவியாவும் தத்தம் தீவின் கஹூனாக்கள், அதாவது தீவுத் தலைவர்கள். ஆனால் அந்தத் தலைமையை லீக் கொடுக்கவில்லை. கஹூனாவைத் தேர்ந்தெடுப்பது தீவின் காவல் தெய்வமான டாப்பு. அங்கே லீக்கே புதிதாக வந்ததுதான்; கஹூனாக்கள் அதற்கு முன்பிருந்தே இருக்கிறார்கள். அடுத்த ஆண்டு வந்த அல்ட்ரா சன், அல்ட்ரா மூனில் எலீட் ஃபோரில் ஹாலாவுக்குப் பதில் மொலேன் இருக்கிறார். ஹாலா கஹூனாவாகவே நீடிக்கிறார். கஹூனாவும் போலீஸ்காரருமான நானுவோ எலீட் ஃபோரிலேயே இல்லை. ஆக, பதவி வேறு, நாற்காலி வேறு.

இதையெல்லாம் நாம் இப்படித் துருவ வேண்டியிருப்பதே எரிச்சல். இத்தனை விளையாட்டு வெளியிட்டவர்கள், நாட்டை யார் ஆள்கிறார்கள் என்று தெளிவாக ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுத மாட்டார்கள்.

சரி, உங்கள் காட்சிக்கு வருவோம். ஜோட்டோவில் போலீஸ் உண்டு. பேராசிரியர் எல்மின் ஆய்வகத்தில் போக்கிமான் திருடுபோனதும் அங்கே நின்று விசாரிப்பவர் ஒரு போலீஸ்காரர்தான். லான்ஸ் திருடனை மடக்கட்டும், விலங்கை அந்தப் போலீஸ்காரர் மாட்டட்டும்.