பிளாட்டை யார் பெயரில் எழுதுவது?

கேள்வி: எங்கள் மகளுக்கு 19 வயது, டவுன் சின்ட்ரோம். காசுக் கணக்கு அவளுக்குப் பிடிபடாது. மகன் ரொறன்ரோவில் இருக்கிறான். வெள்ளவத்தைப் பிளாட்டை மகள் பெயரிலேயே எழுதிவிடலாமா? மகன் பெயரில் எழுதி, 'தங்கச்சியைப் பார்த்துக்கொள்' என்று சொன்னால் போதும் என்கிறார் கணவர்.
– வாசகி, கொழும்பு 6

பதில்: இரண்டும் வேண்டாம், அம்மா.

மகள் பெயரில் உறுதி முடிப்பது சுலபம். நாளைக்கு அந்த வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ வேண்டி வந்தால், ஒப்பமிட வேண்டியவர் மகள். விளங்காமல் இடும் ஒப்பத்தைப் பொறுப்பான நொத்தாரிஸ் அத்தாட்சிப்படுத்த மாட்டார். மகளுக்கு 18 முடிந்துவிட்டதால், தாய் என்ற முறையில் நீங்களும் அவருக்காக ஒப்பமிட முடியாது. பிறகு மாவட்ட நீதிமன்றம்தான்: விசாரணை, வைத்திய சாட்சியம், ஆதனத்துக்கு முகாமையாளர் நியமனம். புதுக்கடை நீதிமன்றங்களுக்கு நடந்து பழகியவர்களுக்கு வழக்குத் 'தவணை' எப்படி இழுபடும் என்று தெரியும்.

மகன் தங்கமானவராகவே இருக்கட்டும். உறுதியில் பெயர் உள்ளவரே உரிமையாளர். அவர் கடன்பட்டால் கடன்காரர் பிளாட்டைத் தேடி வரலாம். தங்கைக்கு முன் அவர் காலமானால், அது அவருடைய மனைவி பிள்ளைகளுக்குப் போகும். உங்கள் வாய்ச்சொல் அவர்களைக் கட்டுப்படுத்தாது.

நம்பிக்கைப் பொறுப்பு (trust) உறுதி ஒன்றை எழுதுங்கள்: சொத்தைப் பொறுப்பாளர்கள் தங்கள் பெயரில் வைத்து, மகளின் நன்மைக்காகவே நிருவகிக்கும் ஏற்பாடு அது. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இதற்கானது. அசையாச் சொத்தானால் நொத்தாரிஸ் முன்னிலையில் முடிக்க வேண்டும். இப்போதைக்கு நீங்கள் இருவரும் பொறுப்பாளர்களாக இருக்கலாம். உங்களுக்குப் பின் வரும் இருவரில் ஒருவராவது கொழும்பில் இருப்பவராகட்டும். ரொறன்ரோவில் இருந்துகொண்டு தண்ணீர்க் குழாய் திருத்த முடியாது. மகள் ஆயுள் முழுக்க அங்கே வசிக்கும் உரிமை, விற்கும் அதிகாரம், பணத்தை எவற்றுக்குச் செலவிடலாம், யாருக்கு வருடக் கணக்குக் காட்ட வேண்டும், மகளுக்குப் பின் மிச்சம் யாருக்கு என்பன உறுதியில் இருக்க வேண்டும். கடைசி இரண்டையும் பலர் விட்டுவிடுகிறார்கள். சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

இன்னொரு வழமையான தவறு, வீட்டை மட்டும் பொறுப்பில் வைத்துக் காசு வைக்காமல் விடுவது. சோலைவரி, லிப்ட் பராமரிப்பு, பராமரிப்பாளர் சம்பளம் எல்லாம் மாதாமாதம் வரும். ஆயுள் காப்புறுதியில், உங்களுக்குப் பின் பணம் பெறும் பின்னுரித்தாளியாக மகளின் பெயர் இருந்தால் அதையும் பொறுப்பாளர்கள் பெயருக்கு மாற்றுங்கள். அதே ஒப்பச் சிக்கல்தான்.

கணவர் சம்மதிக்காவிட்டால்? பிளாட் உங்கள் பெயரில் இருந்து, நீங்கள் தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழருக்குரிய வழமைச் சட்டம்) உட்பட்டவரானால், அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ, அதை அவர் நியாயமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியோ இல்லாமல், நீங்கள் உயிருடன் இருக்கும்போது கைமாற்ற முடியாது. மரணசாசனத்துக்கு அந்தத் தடை இல்லை. நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது நொத்தாரிஸ் இல்லாமல் ஐந்து சாட்சிகள். அதிலேயே நம்பிக்கைப் பொறுப்பை ஏற்படுத்தலாம். அற்றோணித் தத்துவம் (உங்களுக்காகச் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கும் அதிகாரம்) எழுதிவிட்டோம் என்று ஆறியிருக்க வேண்டாம். எழுதியவர் கண்மூடியதும் அது முடிந்துவிடும்.

கேள்வி: நான் அரசாங்க உத்தியோகத்தர். பிறவிக் குறைபாடுள்ள மகனுக்காக 50 இலட்சம் நிலையான வைப்பில் இருக்கிறது. காணுமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: மகனின் மாதச் செலவு இன்று 60,000 ரூபாய் என்று வையுங்கள். விலைகள் வருடம் 5% ஏறினால், 20 வருடத்தில் அது ஏறத்தாழ 159,000. வைப்புக்கு 8% வட்டி கிடைத்தாலும், செலவோடு சேர்த்து எடுப்பை ஏற்றிக்கொண்டே போனால் 50 இலட்சம் ஏறத்தாழ எட்டு வருடம்தான் நிற்கும். 5% என்பது நல்ல காலக் கணக்கு. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8%.

முழுத் தொகையையும் ஒரே வங்கியில் வைத்திருந்தால் பிரியுங்கள். வைப்புக் காப்புறுதி ஒரு வைப்பாளருக்கு, ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் மட்டுமே.

உங்களிடம் வைப்பைவிடப் பெரிய சொத்து ஒன்று இருக்கிறது: அரசாங்க உத்தியோகத்தருக்குப் பின் குடும்பத்துக்குக் கிடைக்கும் விதவைகள், அநாதைகள் ஓய்வூதியம். குறைபாடுள்ள பிள்ளைக்கு வயதெல்லை கடந்த பின்னும் அது கிடைக்க வழியுண்டு. வைத்தியச் சபை குறைபாட்டை உறுதிப்படுத்த வேண்டும். மகனின் பிறப்புச் சான்றிதழையும் சிறுவயது வைத்திய அறிக்கைகளையும் இப்போதே ஒரு கோப்பில் சேருங்கள். குறைபாடு எப்போது தொடங்கியது என்பதற்கு, நீங்கள் இல்லாத காலத்தில் அந்தத் தாள்கள்தான் சாட்சி.