வீட்டில் யாருக்கும் இல்லாத காது கேளாமை, குழந்தைக்கு மட்டும் மரபணுவால் எப்படி வரும்?

8 மாதக் குழந்தைக்குக் காது கேட்கவில்லை, மரபணுதான் காரணம் என்கிறார்கள், இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் யாருக்கும் இப்படி இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். 6 வருஷத்துக்கு முன்னால் என் மகளை மடியில் வைத்துக்கொண்டு நானும் டாக்டரிடம் இதையேதான் கேட்டேன்.

பெரும்பாலும் அப்படித்தான் வரும். நம்மிடம் இந்த மரபணு இரண்டு பிரதியாக இருக்கிறது, அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. ஒன்று பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும், அதனால் உங்கள் இருவருக்கும் நன்றாகக் கேட்கிறது. பழுதான இரண்டும் ஒரே குழந்தையிடம் போய்ச் சேர்ந்தால்தான் வெளியே தெரியும், ஒவ்வொரு பிள்ளைக்கும் அதற்கு நாலில் ஒரு வாய்ப்பு. கர்ப்பத்தில் நீங்கள் சாப்பிட்டதோ தூங்காமல் இருந்ததோ இதற்குக் காரணமே இல்லை. அந்தப் பேச்சை யார் எடுத்தாலும் அங்கேயே நிறுத்துங்கள்.

சரி, காதுக்குள் என்ன நடக்கிறது? நத்தை ஓடு மாதிரிச் சுருண்டிருக்கும் காக்ளியாவில், ஒலியை உணரும் முடி செல்கள் ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000தான் இருக்கின்றன, உள்பக்கம் ஒரு வரிசை, வெளிப்பக்கம் மூன்று. கருவில் இவை உருவாக ஏடிஓஎச்1 என்ற மரபணு வேலை செய்தாக வேண்டும், எலிகளில் அதை நீக்கிப் பார்த்தபோது முடி செல்லே உருவாகவில்லை. ஒரு செல் முடி செல்லாக மாறத் தொடங்கியதும், ஒட்டியிருக்கும் செல்களிடம் ‘நீங்கள் ஆகவேண்டாம்’ என்று நாட்ச் என்ற சமிக்ஞை வழியாகச் சொல்லிவிடுகிறது, அவை தாங்கு செல்களாகி இதைச் சுற்றி நிற்கின்றன. பிரசவத்துக்கு வெகு முன்பே எல்லாம் முடிந்துவிடும், அப்புறம் மனிதக் காக்ளியாவில் புது முடி செல் முளைப்பதில்லை.

இதில் பழுது எந்த இடத்தில் என்பதுதான் முக்கியம், அதனால் எந்த மரபணு என்று கட்டாயம் கேளுங்கள். என் மகளுக்கு ஜிஜேபி2 என்ற மரபணுவில் பழுது. தாங்கு செல்களுக்கு நடுவே அயனிகளும் ஊட்டமும் கைமாறுகிற சின்னச் சின்ன வாசல்களைக் கட்டுவது அது. செவி நரம்பில் கோளாறு இல்லை என்பதால், அந்த நரம்பை நேராகத் தூண்டும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவி அவளுக்கு நன்றாகவே உதவியது.

பேச்சுப் பயிற்சிக்கு அவளோடு வந்த ஒரு பையனுக்கு ஓடிஓஎஃப் என்ற மரபணுவில் பழுது. பிறந்ததும் காதில் சின்ன முனையை வைத்து ‘டிக் டிக்’ என்று ஒலி அனுப்பி, உள்ளேயிருந்து திரும்பும் மெல்லிய ஒலியைப் பிடிக்கும் சோதனை இருக்கிறதே, அதில் அவன் தேறிவிட்டான்! ஏனென்றால் அந்த ஒலியைத் தருவது வெளிவரிசைச் செல்கள், அவை அவனுக்கு நன்றாக இருந்தன. உள்வரிசைச் செல் தான் வாங்கிய ஒலியை நரம்புக்குக் கைமாற்ற ஓடோஃபெர்லின் என்ற புரதம் வேண்டும், அதுதான் இல்லை. 14 மாதத்தில், ஒலி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எடுத்தபோது திரையில் அலையே எழவில்லை, கோடு தட்டையாகப் போனது. வீணான அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

காது கேளாமைக்கு மரபணு சிகிச்சை பலன் தந்திருப்பதும் இந்த ஓடிஓஎஃப்-இல்தான். நல்ல மரபணுவைக் காதுக்குள் சுமந்து போகும் வைரஸுக்குள் அது முழுதாக அடங்காது, அதனால் இரண்டு துண்டாக்கி இரண்டு வைரஸில் ஏற்றுகிறார்கள், செல்லுக்குள் போனதும் அவை சேர்ந்துகொள்கின்றன. சீனாவில் 6 குழந்தைகளுக்கு இப்படிச் செய்ததில் 5 பேருக்குக் கேட்கத் தொடங்கியதாக 2024-இல் லான்செட் இதழில் வந்தது. வேறு மரபணுவில் பழுது என்றால் இந்த மருந்து உதவாது.

மரபணுப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று காதுக் கருவியைத் தள்ளிப்போடாதீர்கள், மொழியைப் பிடித்துக்கொள்ள மூளைக்கு இந்த வயதில் ஒலி வேண்டும். சில மரபணுக்கள் பின்னாளில் பார்வையையும் பாதிக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் வந்ததும் மரபணுவின் பெயரை இங்கே எழுதுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.