முன்பணம் கொடுக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள், அக்கா

நேற்று ராத்திரி தங்கச்சிமடத்திலிருந்து போனில் பேசியபோது பாதி நேரம் அழுதுகொண்டே இருந்தீர்கள். அதனால் சொல்ல வேண்டியதை எழுதியே அனுப்புகிறேன். மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள்.

முதலில், மகளுக்கு இன்ஜினியரிங் சீட் வாங்கித் தருவதாக முன்பணம் கேட்கிற அந்தப் புரோக்கர் விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. வீட்டில் காசு புரளாது. பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட்டும் அந்த நேரத்தில்தான் வரும். இது தெரிந்துதான் நம் கடற்கரை ஊர்களில் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். ‘இப்போது பத்தாயிரம் கட்டினால் போதும், மீதியைப் படகு போனதும் பார்த்துக்கொள்ளலாம், லேப்டாப் இலவசம்’ என்றால் யாருக்குத்தான் மனசு இளகாது?

அவர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். உங்கள் மகள் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவள். அப்படிப்பட்டவர்களுக்கு அரசு நடத்தும் இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் 7.5 சதவீத இடம் தனியாக உண்டு. அதில் சீட் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. அது கிடைக்காமல் பொதுப் பிரிவில் இடம் வந்தாலும், வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்பதால் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை இருக்கிறது. இந்த இரண்டும் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால் மட்டும்தான். புரோக்கர் பேசுவது நிர்வாக ஒதுக்கீட்டு சீட், அதாவது கல்லூரியே நேரடியாகக் கொடுப்பது. அதில் சேர்ந்தால் இரண்டுமே கைவிட்டுப் போகும். இப்போதைக்குப் பத்தாயிரம்தானே என்று நம்பிப் போய் நாலு வருஷக் கட்டணத்தைத் தலையில் ஏற்றிக்கொள்வீர்கள்.

ஒரிஜினல் டி.சி., மார்க் ஷீட் எதையும் அவர் கையில் கொடுக்காதீர்கள். சில வருஷங்களுக்கு முன் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்த ஒரு பையன், மே மாதமே ஒரு தனியார் கல்லூரியில் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டான். பிறகு கவுன்சலிங்கில் அரசுக் கல்லூரியே கிடைத்தது. சான்றிதழைக் கேட்டுப் போனால், முழு வருஷக் கட்டணத்தையும் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். அவனோடு அந்த ஆபீஸ் வாசலில் இரண்டு நாள் நானும் நின்றேன். அவன் அப்பா வலைக்கு வைத்திருந்த பணத்தை எடுத்து வந்து கட்டினார். அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

சரி, மார்க்குக்கு வருவோம். கணக்கு 86. இயற்பியல் 78, அதில் பாதி 39. வேதியியல் 82, அதில் பாதி 41. மொத்தம் 200க்கு 166. இதுதான் அவள் கட்-ஆஃப், அதாவது கவுன்சலிங்கில் ரேங்க் போடப் பார்க்கிற மார்க். போன வருஷம் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த வகுப்பினருக்கு எத்தனை கட்-ஆஃபில் இடம் முடிந்தது என்ற விவரம் கவுன்சலிங் இணையதளத்திலேயே இருக்கிறது. அதைப் பார்த்து அவளே பட்டியல் போடட்டும். கல்லூரிப் பெயர்கள் ஒன்றுபோலவே இருக்கும், ஆகவே ஒவ்வொரு கல்லூரிக்கும் உள்ள கவுன்சலிங் எண்ணைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பெரிய கல்லூரியை முதலில் போட்டால் கிடைக்கிற சின்னக் கல்லூரியும் போய்விடும் என்று நீங்கள் பயந்தீர்களே, அது தவறு. ரேங்க் வரிசையில் அவள் முறை வரும்போது, அவள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, காலியாக இருக்கிற முதல் இடத்தைக் கொடுப்பார்கள். எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் எழுதலாம். எனவே ஆசைப்பட்டதை மேலே போட பயப்படவே வேண்டாம். வேண்டாத கல்லூரியை மட்டும் பட்டியலை நிரப்புவதற்காக எழுதாதீர்கள்.

இப்போது படகு போகாததால் உங்கள் வீட்டுக்கார அண்ணனுக்குக் கையில் காசு இல்லாவிட்டாலும் நாள் இருக்கிறது. மூன்று பேருமாக நேரில் போய்ப் பாருங்கள். ராமநாதபுரத்தில் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி இருக்கிறது. காரைக்குடியில் அழகப்ப செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி 1952லிருந்து நடக்கிறது. கீழக்கரைப் பக்கம் தனியார் கல்லூரி இருக்கிறது. வாசல் பிளக்ஸில் சிரிக்கும் முகங்களை எண்ண வேண்டாம். உள்ளே போய் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு கல்லூரியில் எனக்குக் காட்டினார்கள்: வரிசையாகப் புதுக் கம்ப்யூட்டர்கள், ஒரு கீபோர்டில்கூட மேலே ஒட்டிவந்த பிளாஸ்டிக் தாள் உரிக்கப்படவில்லை. விரல் வைத்தால் தூசி ஒட்டியது. வேறொரு இடத்தில் பழைய மிஷின்தான், ஆனால் கீபோர்டில் எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருந்தது. இரண்டாவது கல்லூரியைத்தான் நான் சிபாரிசு செய்தேன்.

கேன்டீன் பக்கம் நிற்கிற மூன்றாம் வருஷப் பிள்ளைகளிடம் மகளே பேசட்டும். இந்த வருஷம் எத்தனை வாத்தியார்கள் பாதியில் போனார்கள், அவள் சேரப்போகிற பிரிவில் போன வருஷம் முடித்தவர்கள் எத்தனை பேர், அதில் வேலை ஆர்டர் கைக்கு வந்தது எத்தனை பேருக்கு, மாசச் சம்பளம் என்ன என்று கேட்கட்டும். கல்லூரி வாரியாகத் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது, அதையும் ஒத்துப்பாருங்கள். விடுதியென்றால் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு வேளை அங்கேயே சாப்பிடுங்கள்.

பொம்பளைப் பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்புவதா என்று கேட்டீர்கள். பயம் இருக்கத்தான் செய்யும், அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் தினமும் பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் போய்வந்தால், பஸ்ஸிலேயே எத்தனை மணி நேரம் போகும் என்று ஒரு நாள் நீங்களே அவளோடு போய்ப் பாருங்கள். வீட்டிலிருந்து போவது எப்போதும் லேசு என்று சொல்ல முடியாது. அவளுக்கு மாசம் 1000 ரூபாய் புதுமைப்பெண் திட்டத்தில் வரும், அது கைச்செலவுக்கு ஆகும்.

இன்னொன்று. அவள் எடுத்தது கணக்கு, உயிரியல் இரண்டும் உள்ள குரூப். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் நாலு வருஷ மீன்வள அறிவியல் படிப்புக்கும் விண்ணப்பிக்கலாம். அதற்கு நீட் வேண்டாம், விண்ணப்பம் தனி. ‘மறுபடியும் மீனா?’ என்று அண்ணன் முகம் சுளிப்பார். அவளிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள், கடலைப் பற்றி அவள் பேசும்போது குரலே மாறுகிறது.

நாளைக்கே இ-சேவை மையத்துக்குப் போய் முதல் பட்டதாரிச் சான்றுக்குப் பதிவு போட்டுவிடுங்கள். வி.ஏ.ஓ.விடம் தொடங்கி தாசில்தார் ஆபீஸ் வரை போய்வர நாளாகும். அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பார்த்தது, கேட்டது, செலவு எல்லாவற்றையும் அவள் கையெழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் நோட்டோடு மூன்று பேரும் வாருங்கள், வரிசையைச் சேர்ந்தே போடுவோம்.