கேள்வி-பதில்: ஒரு வாளியோடு தீர்ந்துபோகும் வெந்நீர்

கேள்வி: சேலத்தில் இருவர் குளிக்கப் போதுமாக இருந்த 15 லிட்டர் ஹீட்டரை ஏற்காட்டு வீட்டில் மாட்டினோம். இங்கே முதல் ஆள் குளித்து முடிப்பதற்குள் வெந்நீர் தீர்ந்துவிடுகிறது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை மாற்றியும் பயனில்லை. (வாசகி, ஏற்காடு)

பதில்: ஹீட்டர் பழுதாகவில்லை, தண்ணீர்தான் மாறிவிட்டது. 60 டிகிரிக்குக் காய்ந்த 15 லிட்டரைச் சேலத்தில் 28 டிகிரியில் வரும் தண்ணீரோடு விளாவி 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால், கணக்குப்படி 40 லிட்டர் கிடைக்கும். மார்கழியில் ஏற்காட்டுக் குழாய் நீர் 15 டிகிரியில் வருவதாக வைத்துக்கொண்டால், அதே ஹீட்டரில் 27 லிட்டர்தான் தேறும். 2000 வாட் ஹீட்டர் மறுபடி காய்வதற்குச் சேலத்தில் 17 நிமிடம் என்றால் மலையில் 24 நிமிடம். மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் ஏறக்குறைய 40 நிமிடம் ஆகும்.

விற்பவர்கள் மீது எனக்குள்ள நெடுநாள் வருத்தம் இதுதான். "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்கிறார்களே தவிர, எந்த ஊரில் மாட்டப்போகிறீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. பெட்டியில் அச்சிட்ட லிட்டர் தொட்டியின் கொள்ளளவே அன்றி, நீங்கள் குளிக்கப்போகும் தண்ணீரின் அளவு அன்று. நானும் ஏமாந்தவன்தான். 'உடனடி' என்ற சொல்லில் மயங்கி, 3 லிட்டர், 3000 வாட் ஹீட்டர் ஒன்றை வாங்கி மலையிலுள்ள மாமனார் வீட்டுக்குக் கொண்டுபோனேன். 25 டிகிரி சூடேற்ற வேண்டுமென்றால் அதிலிருந்து நிமிடத்துக்கு 1.7 லிட்டருக்கு மேல் வராது. வாளி நிறையப் பத்து நிமிடம் நடுங்கிக்கொண்டு நின்ற அவர், மறுநாளே விறகடுப்புக்குத் திரும்பிவிட்டார். நீங்கள் 25 லிட்டருக்கு மாறுங்கள். அதுவரை இரண்டாவது ஆள் அரை மணி நேரம் பொறுத்துக் குளிக்கட்டும்.

கேள்வி: 5 நட்சத்திர ஹீட்டர் வாங்கியும் வெந்நீர் ஏன் சீக்கிரம் தீர்கிறது? (அஸ்தம்பட்டி)

பதில்: காய்ந்த நீரின் சூடு வீணாகாமல் இருப்பதற்குத்தான் நட்சத்திரம், அது தொட்டியைப் பெரிதாக்காது.

கேள்வி: புது ஹீட்டர், 25 லிட்டர். நாலு குவளை சுடுகிறது, பிறகு வெதுவெதுப்பு, அப்புறம் பச்சைத் தண்ணீர். பார்க்க வந்த மெக்கானிக், "மெஷின் சரியாக இருக்கிறது" என்று சொல்லி 500 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார். (சூரமங்கலம்)

பதில்: பெரும்பாலும் குழாய்கள் இடம் மாறியிருக்கும். செங்குத்தாக மாட்டும் ஹீட்டரில் நீல வளையம் உள்ள வழியில் பச்சைத் தண்ணீர் அடியில் நுழைய வேண்டும். சிவப்பு வளையம் உள்ள வழி, உள்ளே நீண்ட குழாயாக உச்சிவரை சென்று அங்கே நிற்கும் வெந்நீரை எடுத்துவரும். மாற்றிப் பொருத்தினால் பச்சைத் தண்ணீர் மேலிருந்து கொட்டி, காய்ந்ததையெல்லாம் கலக்கிவிடும். அண்ணாந்து பார்த்திருந்தாலே தெரிந்திருக்கக்கூடிய இந்தத் தவறுக்கு உங்களிடம் பணம் வாங்கியது அநியாயம். பொருத்தியவரையே அழைத்து இலவசமாக மாற்றச் சொல்லுங்கள், மெக்கானிக்கிடம் 500 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

கேள்வி: போர் தண்ணீர். மூன்று ஆண்டு நன்றாக ஓடிய ஹீட்டர் இப்போது அரை வாளிதான் தருகிறது, உள்ளே படபடவென்று சத்தமும் கேட்கிறது. விலை குறையும் என்று பில் போடாமல் வாங்கினேன். வாரண்டி கிடைக்குமா? (கொண்டலாம்பட்டி)

பதில்: அந்தச் சத்தம் உப்பு படிந்ததன் அறிகுறி. என் வீட்டு ஹீட்டரைத் திறந்தபோது முட்டை ஓடு போன்ற வெள்ளைச் செதில்கள் அரை வாளி கொட்டின. தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச்சுருளான காயில் கண்ணுக்கே தெரியவில்லை. படிவு தொட்டியின் இடத்தைப் பிடித்துக்கொள்வதோடு, அதற்குள் புதைந்த காயில் அளவுக்கு மீறிச் சூடேறி, தண்ணீர் காயும் முன்பே மின்சாரம் துண்டிக்கப்படவும் காரணமாகும். ஆண்டுக்கு ஒருமுறை தொட்டியைக் கழுவச் சொல்லி, தொட்டியைத் துருவிலிருந்து காக்கும் மெக்னீசியம் கம்பி கரைந்திருந்தால் மாற்றுங்கள்.

பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்தான். ஆனால் பில் வேண்டாம் என்றவர் நீங்களாயிற்றே, இப்போது எதைக் காட்டி வாரண்டி கேட்பீர்கள்?